பண்டைய தேர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காலப் போர்களைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கடைசியில் தேரில்தான் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை.

தேர்னா நம்ம திருவாரூர் தேர் மாதிரியா? அதை இழுத்துக்கிட்டு எப்படிச் சண்டை போட்டாங்க?

இல்லை. கோயில் தேர் என்பது சக்கரம் வைத்த கோயில். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க வேண்டியது. போர்த்தேருக்கும் அதற்கும் பெயரைத் தவிரப் பொதுவானது மிகக் குறைவு.

எகிப்தில் கிடைத்திருக்கும் உண்மையான தேர்கள் சுமார் 30 கிலோதான். இரண்டு சைக்கிள்களின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம், போயும் இருக்கிறார்கள். இரண்டு சக்கரம், ஆரக்கால்கள், பின்பக்கம் திறந்த சின்னத் தொட்டி, தோல் வார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தளம், இரண்டு குதிரைகள், அவ்வளவுதான். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் குடை, தூண், சிங்கமுகம் எல்லாம் கலை இயக்குநரின் கைவண்ணம்.

முதலில் கண்டுபிடிச்சது யாரு? நாமா, எகிப்தியரா?

இரண்டு பேரும் இல்லை. கி.மு. 2500 வாக்கில் சுமேரியாவின் ஊர் நகரத்தில் போர் வண்டிகள் இருந்தன. அங்கே கிடைத்த 'ஊர் பலகை' என்ற சித்திரப் பெட்டியில் அவற்றைப் பார்க்கலாம். நான்கு சக்கரம், எல்லாம் கனத்த பலகைச் சக்கரம். இழுத்தவை குதிரைகளும் அல்ல, பெண் கழுதைக்கும் ஆண் சிரியக் காட்டுக்கழுதைக்கும் பிறந்த கலப்பினங்கள் என்பதே இப்போதைய கருத்து. சிரியாவில் புதைக்கப்பட்டிருந்த அத்தகைய விலங்குகளின் மரபணுவை 2022இல் வெளியான ஆய்வு அடையாளம் கண்டது.

ஆரக்கால் சக்கரமும் குதிரையும் சேர்ந்த தேர் முதலில் தென்படுவது உரால் மலைக்குத் தெற்கே, சிந்தாஷ்தா பண்பாட்டுப் புதைகுழிகளில். காலம் கி.மு. 2000 வாக்கில். மரம் மக்கிப் போய்விட்டது. ஆனால் சக்கரத்தை நிறுத்துவதற்காகக் குழியின் தரையில் வெட்டிய பள்ளங்களில் ஆரக்கால்களின் அச்சு அப்படியே பதிந்து கிடந்தது. அங்கிருந்து சில நூற்றாண்டுகளில் மேற்காசியா, எகிப்து, கிரேக்கம், இந்தியா, சீனா என்று பரவிவிட்டது. எகிப்துக்கு அது வந்தது மேற்காசியாவிலிருந்து, அங்கிருந்து வந்து வட எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மன்னர்களின் காலத்தையொட்டி.

குதிரைதான் இருந்ததே, நேரா அது மேல ஏறிச் சண்டை போட்டிருக்கலாமே? நடுவில எதுக்கு ஒரு வண்டி?

இது நல்ல கேள்வி. ஏறி உட்கார்வது ஒரு கலை, ஓடுகிற குதிரை மேல் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு வில்லை வளைப்பது வேறு கலை. இரண்டாவது கைகூடப் பல நூற்றாண்டுகள் ஆயின. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரியப் (அசீரியா என்பது இன்றைய வடக்கு இராக்கில் இருந்த பேரரசு) புடைப்புச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் இணை இணையாக வருவார்கள். ஒருவன் அம்பு விடுவான், பக்கத்துக் குதிரையில் இருப்பவன் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்துக்கொள்வான். தேரிலிருந்த பாகனையும் வில்லாளியையும் அப்படியே தூக்கி இரண்டு குதிரைகள் மேல் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதுவரை வில்லாளிக்கு இரண்டு கைகளையும் ஓய்வாக வைத்துக்கொள்ள ஒரே வழி, ஓட்டுவதற்கு இன்னொருவன் இருக்கும் தேர். அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி) இல்லாததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அங்கவடி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குதிரைப்படை தேரை ஓரங்கட்டிவிட்டது என்பதால் அந்த விளக்கம் நிற்காது.

மரமும் தோலும்தானே? அதுக்கு எதுக்கு அவ்வளவு செலவாம்?

சக்கரத்தைப் பார்த்தால் புரியும். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடத்தில் துளை போட்டு ஆரக்காலைச் செருகி, வெளியே வட்டை மாட்டி, மேலே இரும்புப் பட்டா இறுக்குவார்கள். எகிப்தியத் தச்சன் செய்தது வேறு. மரத்தை ஈரப்பதமும் சூடும் கொடுத்து V வடிவில் வளைப்பான். ஆறு V-க்களை முதுகோடு முதுகாக ஒட்டினால் ஆறு ஆரக்கால்கள் வந்துவிடும். ஒவ்வொரு ஆரக்காலும் இரண்டு பாதிகளால் ஆனது, V-க்களின் முனைகளே குடத்தின் பகுதியாகவும் ஆகிவிடும். அதன் மேல் ஈரமான பச்சைத் தோலைச் சுற்றிக் காயவிடுவான். காயக் காயத் தோல் சுருங்கி எல்லாவற்றையும் இறுக்கும். ஆணி அடித்தால் இவ்வளவு இலேசாகவும் இவ்வளவு உறுதியாகவும் வராது.

மரமும் உள்ளூர்ச் சரக்கு அல்ல. எகிப்தியத் தேர்களில் எல்ம் மரமும் பிர்ச் மரப்பட்டையும் இருக்கின்றன. இரண்டும் நைல் கரையில் வளராதவை, வடக்கிலிருந்து வர வேண்டும். அப்புறம் குதிரைகள், அவற்றுக்குத் தானியம், லாயம், பழக்குபவன், தச்சன், தோல் தொழிலாளி. எகிப்தில் பை-ராமெசெஸ் நகரம் இருந்த கந்தீரில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கட்டக்கூடிய லாயத்தையும் தேர்ப் பட்டறைகளையும் அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். ஆகவே தேர்ப்படை வைத்திருப்பது என்றால் ஒரு முழு நிர்வாகத்தையே வைத்திருப்பது. அந்தக் காலத்து மன்னர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய அமர்னா கடிதங்களில் நலம் விசாரிக்கும் பட்டியலில் மனைவியர், பிள்ளைகளோடு குதிரைகளும் தேர்களும் இடம்பெறுகின்றன. கெளரவப் பேச்சு மட்டுமல்ல அது, சொத்துக் கணக்கும்கூட.

ஓடாத நேரத்தில் சக்கரத்தைக் கழற்றி வைப்பதும் வழக்கம். தேரின் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் வளைத்த மரம் கோணிக்கொள்ளும். கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனைக் களிமண் ஏடுகளில் தேர்த் தொட்டிகளுக்கு ஒரு கணக்கு, சக்கரங்களுக்குத் தனிக் கணக்கு இருப்பதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை.

கழுத்துல வார் கட்டி இழுக்கவச்சா குதிரைக்கு மூச்சு முட்டாதா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு அதிகாரி இப்படித்தான் வாதிட்டார், பல புத்தகங்கள் அதை அப்படியே நகல் எடுத்தன. பிறகு 1970களில் ஷான் ஸ்ப்ரூய்த் என்பவர் பழைய முறையில் தேரும் சேணமும் செய்து குதிரையைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். மூச்சு முட்டவில்லை. நுகத்தடியிலிருந்து தலைகீழ் Y போல ஒரு மரத்துண்டு தோளில் படிந்து இழுவையைத் தாங்குகிறது. கழுத்து வார் அது நழுவாமல் பிடிக்க மட்டுமே. காகிதத்தில் நடந்த விவாதத்தை ஓட்டிப் பார்த்து முடித்த இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு தேர்ல எத்தனை பேர்? ராஜா தனியா நின்னு அம்பு விடுற மாதிரி படம் இருக்கே?

எகிப்தில் இருவர்: பாகன் ஒருவர், வில்லாளி ஒருவர். இன்றைய துருக்கியில் பேரரசு வைத்திருந்த ஹிட்டைட்டுகள் காதேஷ் போரில் (அதைப் பற்றிப் பின்னால்) மூவரை ஏற்றினார்கள். சீனாவிலும் மூவர், நடுவில் பாகன், இடப்பக்கம் வில்லாளி, வலப்பக்கம் நீண்ட கைப்பிடி வைத்த வெட்டுக்கருவியோடு ஒருவர். பிற்கால அசீரியாவில் நான்கு குதிரை, நான்கு ஆள் என்று பெருத்துவிட்டது.

ஃபாரோ தனியாக, கடிவாளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வில் வளைக்கும் கோயில் சித்திரங்கள் அரசரைப் பெருமைப்படுத்த வரைந்தவை. பாகனையும் சேர்த்து வரைந்தால் வெற்றியில் பங்கு போய்விடும் அல்லவா. ஆனால் இடுப்பில் கடிவாளம் கட்டுவது முற்றிலும் கற்பனையும் அல்ல. ரோமானியப் பந்தயக்காரர்கள் உண்மையிலேயே கட்டினார்கள், கவிழ்ந்தால் அறுத்துக்கொள்ள இடுப்பில் கத்தியும் வைத்திருந்தார்கள்.

தேர்ங்கிறது அந்தக் காலத்து டாங்கிதானே? நேரா எதிரிக் கூட்டத்துல கொண்டுபோய் மோதுவாங்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மோத மாட்டார்கள். 30 கிலோ மரச்சட்டம் எதில் மோதினாலும் நொறுங்குவது அதுதான். தவிர, ஈட்டிகளை நீட்டி நெருக்கமாக நிற்கும் வரிசைக்குள் பாய்வதற்குக் குதிரை அவ்வளவு முட்டாள் அல்ல.

தேர் என்பது வேகமாக நகரும் வில் மேடை. அணியின் முன்னாலோ பக்கவாட்டிலோ ஓடி, அம்பு மழை பொழிந்து, திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவது. பிறகு மறுபடி வருவது. எதிரி அணி கலைந்து ஓட ஆரம்பித்தால் துரத்திக் கொல்வதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. எகிப்தியத் தேரில் அச்சு தொட்டியின் பின் விளிம்பில் இருப்பதும், சக்கரங்களுக்கு இடையே அகலம் அதிகமாக இருப்பதும் வேகமாகத் திரும்பும்போது கவிழாமல் இருப்பதற்குத்தான். கூடவே ஓடிவரும் காலாட்களும் உண்டு. விழுந்தவனை முடிப்பதும் தன் தேர் விழுந்தால் காப்பதும் அவர்கள் வேலை.

எல்லோரும் இப்படித்தான் என்றும் இல்லை. ஹோமரின் வீரர்கள் தேரில் வந்து இறங்கித் தரையில் நின்று சண்டை போடுகிறார்கள். பிரிட்டனில் கெல்ட்டியர்கள் முதலில் ஈட்டி எறிந்துகொண்டே சுற்றி வந்து, பிறகு இறங்கிப் போரிட்டதையும், தேர் அருகிலேயே தயாராகக் காத்திருந்ததையும் சீசர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ஓடுகிற தேரின் ஏர்க்கால் மேல் நடந்துபோய் நுகத்தடியில் நிற்பார்களாம்.

காதேஷ் போர்தான் பெரிய தேர்ப்போர்னு சொல்றாங்க. உண்மையில ஜெயிச்சது யாரு?

கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவில், ஒரோண்டெஸ் ஆற்றின் கரையில் நடந்தது. ஒரு பக்கம் எகிப்தின் இரண்டாம் ராமெசெஸ், மறுபக்கம் ஹிட்டைட் அரசர் முவத்தல்லி. எகிப்தியப் படை அமூன், ரா, ப்தா, சேத் என்று தெய்வங்களின் பெயரில் நான்கு பிரிவுகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வந்தது. வழியில் பிடிபட்ட இரண்டு நாடோடிகள், ஹிட்டைட்டுகள் தொலைவில் அலெப்போ பக்கம் இருக்கிறார்கள் என்றார்கள். அரசர் நம்பினார். அவர்களை அனுப்பியதே ஹிட்டைட்டுகள்தான். பிறகு அகப்பட்ட இரண்டு ஒற்றர்களை அடித்துக் கேட்டபோதுதான், முழுப் படையும் காதேஷுக்குப் பின்னால் பதுங்கியிருப்பது தெரிந்தது.

அதற்குள் 2,500 தேர்கள் ஆற்றைக் கடந்து, வழிநடையில் இருந்த ரா பிரிவின் விலாவில் பாய்ந்துவிட்டன (இந்த எண்ணிக்கை எகிப்தியர் சொன்னது, தான் வென்றதாகச் சொல்லும் எதிரியின் படையைப் பெரிதாக்கிச் சொல்வது எல்லாக் காலத்துக்கும் உள்ள பழக்கம்). அணிவகுக்காத கூட்டம் சிதறியது. மேலே சொன்னபடி தேர் மிகக் கொடுமையாக வேலை செய்யும் தருணம் இது. ஓடியவர்களின் பின்னாலேயே ஹிட்டைட்டுகள் அரசரின் பாசறைக்குள்ளும் புகுந்தார்கள். புகுந்தவர்கள் கொள்ளையில் மும்முரமாகிவிட்டார்கள் என்றே பலரும் கருதுகிறார்கள். ராமெசெஸ் தன் பக்கத்தில் இருந்த தேர்களைத் திரட்டித் திரும்பத் திரும்பத் தாக்கினார். கடற்கரைப் பக்கமிருந்து இன்னொரு எகிப்தியப் படை சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜெயித்தது யார் என்றால், கோயில் சுவர்களில் ராமெசெஸ், தரையில் யாரும் இல்லை. காதேஷ் ஹிட்டைட்டுகள் கையிலேயே இருந்தது. அரசர் ஊர் திரும்பி லக்சார், கர்னாக், அபு சிம்பல் என்று கண்ட சுவரிலெல்லாம் தன் வெற்றியைச் செதுக்கினார். சுமார் 15 ஆண்டுகள் கழித்து இரு தரப்பும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டு பக்கத்து வாசகங்களும் கிடைத்திருக்கின்றன.

சக்கரத்துல கத்தி கட்டின தேர் நிஜமாவே இருந்துச்சா?

பாரசீகர்களிடம் இருந்தது. இதைத்தான் மோத விட்டார்கள், முன் பதிலுக்கு இது விதிவிலக்கு. ஆனால் பலன் சுமார்தான். கி.மு. 331இல் கௌகமேலாவில் மூன்றாம் தாரியஸ் 200 கத்தித் தேர்களை இறக்கினார். அதற்காகத் தரையைக்கூடச் சமன்செய்து வைத்திருந்தார். அலெக்சாந்தரின் ஈட்டி எறிவோர் குதிரைகளை வீழ்த்தினார்கள், பாகன்களை இழுத்துப் போட்டார்கள். மிச்சம் வந்தவற்றுக்கு வீரர்கள் விலகி வழிவிட, அவை சந்துக்குள் ஓடிப் பின்னால் போய் மாட்டிக்கொண்டன. லண்டனில் பூதிக்கா ராணியின் சிலையில் சக்கரக் கத்திகள் இருக்கின்றன, ஆனால் பிரிட்டனில் அகழ்ந்த தேர்கள் எதிலும் கத்தி இல்லை.

பைபிள்ல 'இரும்பு ரதங்கள்'னு வருதே? இரும்புலயே செஞ்சாங்களா?

முழுக்க இரும்பில் செய்தால் இரண்டு குதிரை இழுக்காது. அங்கங்கே இரும்பு பொருத்திய தேர் என்று கொள்வதுதான் பொருத்தம். அந்த வசனத்தில் கவனிக்க வேண்டியது வேறு: மலைநாடு யூதா வசமானது, பள்ளத்தாக்கில் இருந்தவர்களைத் துரத்த முடியவில்லை என்கிறது. தேர் சமவெளியின் ஆயுதம். மலையில் அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தங்கள் ஆட்கள் தேர்களைச் சுமந்து மலை கடந்ததை அசீரிய அரசர்களே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

மித்தானி குதிரைக்காரர் சமஸ்கிருதம் பேசினார்னு வாட்ஸப்ல வந்தது. உண்மையா?

பாதி. மித்தானி என்பது இன்றைய வடக்குச் சிரியாப் பக்கம் இருந்த பழைய நாடு. கிக்குலி என்ற அந்நாட்டுக் குதிரைப் பழக்குநரின் கையேடு ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்தது. தேர்க்குதிரையை எந்த நாள் எவ்வளவு ஓட்ட வேண்டும், எப்போது தண்ணீர், எப்போது தீனி, எப்போது ஆற்றில் குளிப்பாட்டுவது என்று பல மாதப் பயிற்சியை நாள்வாரியாகச் சொல்கிறது. எழுதியிருக்கும் மொழி ஹிட்டைட். சுற்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கலைச்சொற்களில் மட்டும் ஐக, தேர, பன்ஸ, சத்த என்று இந்தோ-ஆரிய எண்கள் வருகின்றன. மித்தானி ஒப்பந்தம் ஒன்றில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் பெயர்களும் உண்டு. ஆனால் மித்தானி மக்கள் பேசியது பெரும்பாலும் ஹுர்ரிய மொழி. ஆகவே குதிரைத் தொழிலோடும் அரச குலத்தோடும் ஓர் இந்தோ-ஆரியத் தொடர்பு இருந்தது என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் வாட்ஸப்பின் பொறுப்பு.

சினௌலியில கிடைச்சது தேரா, மாட்டுவண்டியா?

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் 2018இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த புதைகுழிகளில், செம்புப் பட்டைகள் பதித்த இருசக்கர வண்டிகள் கிடைத்தன. காலம் கி.மு. 1900 வாக்கில் என்கிறார்கள். அகழ்ந்தவர்கள் தேர் என்கிறார்கள். மறுப்பவர்கள் காட்டுவது சக்கரத்தை: அது ஆரக்கால் இல்லாத பலகைச் சக்கரம். கூடவே குதிரை எலும்பும் இல்லை. இரண்டாம் பதிலில் சொன்ன அளவுகோலை வைத்தால் காளை இழுத்த பெருமைக்குரிய வண்டி என்றுதான் எனக்குப் படுகிறது. வாளோடு புதைக்கப்பட்ட மனிதர்களின் வண்டி என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

அப்போ இந்தியாவுல தேர்ப்படை எப்போ வரைக்கும் இருந்துச்சு? தமிழ் மன்னர்கள்கிட்ட?

ரிக் வேதத்திலேயே ஆரக்கால் தேர் உண்டு. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸிடம் 300 தேர்கள் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். முதலில் எதிர்கொள்ள வந்த போரஸின் மகனின் தேர்கள் மழைச் சேற்றில் சிக்கி அப்படியே பிடிபட்டன. அலெக்சாந்தரைக் கலங்கவைத்தது 200 யானைகள்தான். மௌரியர் காலத்து நிர்வாகத்தைச் சொல்லும் அர்த்தசாஸ்திரத்தில் தேர்களுக்குத் தனி அதிகாரி உண்டு. அதன்பின் யானையும் குதிரையும் முன்னே வர, தேர் அரச ஊர்வலத்துக்கும் கோயிலுக்கும் ஒதுங்கிவிட்டது.

சங்கப் பாடல்களில் தேர் நிறைய ஓடுகிறது. கரிகாலனின் தந்தைக்குப் பெயரே உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை அறியாதவர் இல்லை. குதிரைகள் கடல்வழி வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது, ஆகவே அவை விலை கூடிய சரக்கு. பாடலில் வரும் தேர்கள் பெரும்பாலும் தலைவனை வீட்டுக்குக் கொண்டுவருகின்றன அல்லது புலவர்களுக்குப் பரிசாகப் போகின்றன. அதை வைத்துப் படைக் கணக்குப் போடுவது சரிவராது.

சீனாவுல?

கி.மு. 1200 வாக்கில் அன்யாங்கில் முழு வடிவத்தில் தோன்றுகிறது. குதிரைகளோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். எகிப்தில் ஆறு ஆரக்கால் என்றால் இங்கே 18க்கு மேல். பிற்காலத்தில் ஒரு நாட்டின் பலத்தையே 'ஆயிரம் தேர் நாடு' என்று அளந்தார்கள். கி.மு. 307இல் ஜாவ் நாட்டு அரசர் வூலிங், அங்கியைக் கழற்றிவிட்டுக் காற்சட்டை போட்டுக் குதிரை மேல் ஏறி வில் பழகும்படி தன் ஆட்களுக்கு உத்தரவிட்டார். அரசவையில் பெரிய எதிர்ப்பு, சண்டையைப் பற்றி அல்ல, காற்சட்டையைப் பற்றி.

இவ்வளவு நல்ல ஆயுதம்னா ஏன் காணாமப் போச்சு?

மூன்றாம் கேள்வியில் சொன்ன அந்த இரண்டாவது கலையை மக்கள் கற்றுக்கொண்டார்கள். தேருக்கு இரண்டு குதிரை, இரண்டு ஆள், ஒரு வண்டி, ஒரு வில். குதிரைப்படையில் அதே இரண்டு குதிரைக்கு இரண்டு வில். மேடு பள்ளம் பிரச்சினை இல்லை, உடைய அச்சும் இல்லை. கி.மு. 853இல் சிரியாவின் கார்க்காரில் அசீரியரை எதிர்த்த கூட்டணியில் இஸ்ரவேல் அரசர் ஆகாப் மட்டும் 2,000 தேர்கள் கொண்டுவந்ததாக அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. அதே காலத்தில்தான் அசீரியாவில் குதிரை வீரர்களும் பெருகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் தேர் தளபதிகளின் உயர்ந்த மேடையாகச் சுருங்கியது.

ரோமானியர்கள் தேரில்தானே சண்டை போட்டாங்க?

சினிமா தந்த குழப்பம். ரோமானியப் படையில் தேர்ப்பிரிவு கிடையாது. அவர்களுக்குத் தேர் பந்தயத்துக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும்தான். பந்தயத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு அணிகள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தியோக்ளிஸ் என்ற பந்தயக்காரர் 4,257 பந்தயங்களில் ஓடி 1,462இல் வென்றதை அவர் நினைவாகப் பொறித்த கல்வெட்டு கணக்கு வைத்திருக்கிறது. ரசிகர் வெறி எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், 532இல் கான்ஸ்டான்டிநோபிளில் நீலமும் பச்சையும் சேர்ந்து பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராகவே கிளம்பின. பந்தய மைதானத்துக்குள் அடைத்துக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 30,000 பேர் என்கிறது அக்காலப் பதிவு.

நிஜத் தேரை இப்போ எங்க பார்க்கலாம்?

துட்டன்காமுன் கல்லறையில் 1922இல் கிடைத்த ஆறு தேர்கள் எகிப்தில் இருக்கின்றன. கல்லறை வழி குறுகலாக இருந்ததால் பண்டைய ஆட்கள் அச்சை அறுத்துத் துண்டு துண்டாக உள்ளே வைத்திருந்தார்கள், பிறகு ஒட்டவைத்தது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் தங்கப் பூச்செல்லாம் இல்லாத எளிய எகிப்தியத் தேர் ஒன்று உண்டு, தச்சுவேலை பார்க்க அதுதான் நல்லது. ஊர் பலகையும் அசீரியச் சிற்பங்களும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். சீனாவின் சியானில் 1980இல் எடுத்த வெண்கலத் தேர்கள் இரண்டு, உண்மைத் தேரில் பாதி அளவு, கடிவாளம் முதல் கடையாணி வரை எல்லாம் உலோகத்தில். தேர் எப்படிப் பூட்டப்பட்டது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் இவற்றைப் பாருங்கள்.